டிரெய்லர் கட்டித் திம்பம் ஏறினால் பிக்கப் கொதிக்கிறது, அவசர உதவி தேவை

கடைமடை
அனைவருக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை தாளவாடியில் ஒரு கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் கொண்டு போக வேண்டியிருக்கிறது. பிக்கப்பின் பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு பண்ணாரியைத் தாண்டித் திம்பம் மலைப்பாதையில் ஏறத் தொடங்கினால், பாதி தூரம் போவதற்குள் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. சமவெளியில் எவ்வளவு ஓட்டினாலும் எந்தத் தொந்தரவும் இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை மாற்றியாகிவிட்டது, அது சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டும் புதியதுதான். பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். அது பெரிய செலவு என்பதால், அதற்கு முன் வேறு எதையெல்லாம் பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். அந்த வழியில் யானை நடமாட்டம் உண்டு என்பதால் வளைவில் நிறுத்தி ஆறவைப்பதும் நடக்காத காரியம்.

மலைச்சாலை
தம்பி, சில விவரங்கள் இல்லாமல் எதுவும் சொல்ல இயலாது. எத்தனை லிட்டர் இன்ஜின், கை கியரா ஆட்டோமேட்டிக்கா, ஜெனரேட்டரோடு சேர்த்து டிரெய்லர் எவ்வளவு எடை, எந்த நேரத்தில் ஏறுகிறீர்கள், எந்தக் கியரில் ஏறுகிறீர்கள், ஏ.சி. ஓடுகிறதா? டிரெய்லரின் சக்கரங்களையும் கேட்கிறேன். பேரிங் இறுகியிருந்தாலோ, பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருந்தாலோ அந்தச் சுமையும் இன்ஜின் தலையில்தான் விழும். சத்தியமங்கலம் வந்ததும் இறங்கி, இரண்டு பக்கத்துச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பேரூரான்
உங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை எப்போதாவது ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறீர்களா? காங்கேயம், தாராபுரம், வெள்ளக்கோவில் பக்கத்து உப்பேறிய சப்பைத் தண்ணீர் பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படியும்போது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு வண்டிகளில் என் தந்தையார் காலத்திலிருந்து சிறுவாணித் தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறோம். ஒரு வண்டியும் இதுவரை கொதித்ததில்லை.

சங்ககிரி மூத்தவர்
உதவி கேட்பவர்கள் வண்டியைப் பற்றி நான்கு வரி முழுமையாக எழுதக் கற்றுக்கொண்டால், பதில் சொல்பவர்கள் ஜோதிடம் பார்க்க வேண்டிய தேவை இருக்காது. இதை நான் இங்கே பல முறை சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

வண்டி, டிரெய்லர், ஆட்கள் எல்லாம் சேர்த்து மூன்றரை டன் என்றும், சாலை நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த எடையை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 23 கிலோவாட், அதாவது 31 குதிரைத்திறன் வேண்டும். டீசலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போனாலே பெரிது. மிச்சமெல்லாம் புகையோடும் கூலன்ட்டோடும் வெப்பமாகவே வெளியேறியாக வேண்டும். வேகத்தை 20 கிலோமீட்டராகக் குறைத்தால் தேவை 15 கிலோவாட்டாக இறங்கிவிடும். மலையில் வேகத்தைக் குறைப்பது கோழைத்தனம் அல்ல. வெப்பக் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

அடுத்தது வெளிக்காற்று. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலன்ட்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரியிலும் காற்று 25 டிகிரியிலும் இருந்தால் வேறுபாடு 70. கத்திரி வெயிலில் காற்று 40 டிகிரி ஆனால் வேறுபாடு 55. அதே ரேடியேட்டர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வலு இழந்துவிடுகிறது. சமவெளியில் வண்டி ஓடும் வேகமே காற்றைத் தள்ளிக்கொடுக்கிறது. கொண்டை ஊசி வளைவில் அந்தக் காற்று கிடையாது, ஃபேன் ஒன்றை நம்பித்தான் இருக்கிறோம். ஆகவே, சமவெளியில் நன்றாக ஓடி மலையில் மட்டும் கொதிக்கிறது என்றால் என் சந்தேகம், சூடேறியதும் ஃபேனை இன்ஜினோடு பிடித்துச் சுழற்றும் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச் மீதுதான். நன்றாகச் சூடேறிய இன்ஜினை அணைத்து, சாவியை வெளியே எடுத்த பிறகு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக எதிர்த்தால் நல்லது. தளர்வாகத் தானே சுற்றிக்கொண்டிருந்தால் உள்ளே உள்ள சிலிகோன் திரவம் வெளியேறிவிட்டது என்று பொருள். கிளட்ச்சின் நடுப்பகுதியிலிருந்து வெளிப்புறமாக எண்ணெய்க் கோடுகள் ஓடியிருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

ரிக்காரர்
நான் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியில் வேலை செய்கிறேன். எங்கள் இன்ஜின்கள் நின்ற இடத்திலேயே இரவு பகலாகக் கம்ப்ரசரை ஓட்டுகின்றன. வண்டி ஓடும் காற்று என்பதே எங்களுக்குக் கிடையாது. ஆகவே ஃபேன்தான் உயிர் என்று மூத்தவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயில் காலத்தில் நாங்கள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவோம். தண்ணீர் தடையில்லாமல் சுற்றும். கடைமடையும் அதைச் செய்து பார்க்கலாம். ஒரு ரூபாய் செலவில்லை.

சங்ககிரி மூத்தவர்
ரிக்காரர் தம்பி, இந்த யோசனையால் கெட்டுப்போன இன்ஜின்களை என் பட்டறையில் நிறையப் பிரித்திருக்கிறேன். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழியையும் அதுவே அடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும்; ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். மலையில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும், சமவெளியிலோ சூடே ஏறாமல் டீசலைக் குடிக்கும். இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டரும் அதைக் குறையாகப் பதிவுசெய்து விளக்கை எரியவிடும். 82 டிகிரியில் திறக்க வேண்டியது திறக்கிறதா என்று அறிய, கழற்றி வெந்நீர்ப் பாத்திரத்தில் வெப்பமானியோடு போட்டுப் பார்ப்பதே போதும்.

ரிக்காரர்
எங்கள் பெரிய இன்ஜினின் அமைப்பு வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் முதலாளியின் வண்டிகள் இப்படித்தான் மத்தியப் பிரதேசம் வரை போய் வேலை செய்துவிட்டுத் திரும்புகின்றன. கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன்.

பேரூரான்
தெர்மோஸ்டாட் சண்டையில் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். கூலன்ட்டைவிடச் சுத்தமான தண்ணீர் அதிக வெப்பத்தைச் சுமக்கும் என்பது உண்மையா இல்லையா? அப்படியிருக்க, ஏன் எல்லோரும் பச்சை நிறக் கூலன்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்?

சங்ககிரி மூத்தவர்
வெப்பத்தை அதிகம் சுமக்கும் என்பது உண்மை; ஆனால் அது முன்னதாகவே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 1.1 பார் அழுத்தத்தைத் தாங்கும் என்றால் வெறும் தண்ணீர் 121 டிகிரி அளவில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்கவில்லை என்றால் இரண்டுக்குமே அந்தப் பாதுகாப்பு போய்விடும், ஆகவே மூடியையும் சோதியுங்கள். சிறுவாணித் தண்ணீரில் உப்பு குறைவு என்பதில் எனக்கு மறுப்பில்லை. இருந்தாலும் அலுமினியத்தையும் வாட்டர் பாடி என்கிற தண்ணீர் பம்பையும் அரிப்பிலிருந்து காக்கும் மருந்து அதில் இல்லை. குடிப்பதற்கு அருமையான தண்ணீர் என்பதற்காக இன்ஜினுக்கும் அது போதும் என்று ஆகிவிடாது.

பேரூரான்
எங்கள் வண்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐயா. அதற்கு மேல் எனக்குச் சான்று தேவையில்லை.

கடைமடை
கேட்ட விவரங்கள்: இரண்டரை லிட்டர் டர்போ டீசல், கை கியர். டிரெய்லரும் ஜெனரேட்டரும் சேர்த்து சுமார் 1,400 கிலோ. போன தடவை ஏறியது மதியம் பன்னிரண்டு மணி வாக்கில், ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெரும்பாலும் மூன்றாவது கியரில், நிமிடத்துக்கு 1,400 சுழற்சியில் போகிறேன். அதுதான் டீசலுக்குச் சிக்கனம். டிரெய்லர் ஹப் இரண்டும் சூடாகவில்லை. ஒழுகல் எதுவும் இல்லை. மற்ற நாட்களில் வண்டிக்கு வழக்கமான லோடுதான்.

மலைச்சாலை
நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது வளைவுகளை நாளும் ஏறி இறங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றாவது கியரில் 1,400 சுழற்சியில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து ஏறுவதுதான் இன்ஜினுக்குப் பெருந்துன்பம். எரிபொருள் நிறைய எரிகிறது. வாட்டர் பாடியும் ஃபேனுமோ மெதுவாகச் சுற்றுகின்றன. இரண்டாவது கியருக்கு இறங்கி, 2,000 முதல் 2,500 சுழற்சிக்குள் வைத்துக்கொண்டு, மிதியைப் பாதியில் நிறுத்துங்கள். அடிவாரத்திலேயே ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். முள் ஏறத் தொடங்கினால் ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் ஃபேனை முழு வேகத்திலும் வைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். வியர்த்துக் கொட்டினாலும், அதுவும் ஒரு சிறிய ரேடியேட்டராக வேலை செய்யும்.

நிறுத்த இடம் கிடைத்து நிறுத்தினால், உடனே அணைக்காமல் சற்றுக் கூடுதலான ஐடிலில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். டர்போவுக்கும் அது நல்லது. ஆனால் ஆவி பறந்தாலோ கூலன்ட் கொட்டினாலோ அந்த விதி செல்லாது, அப்போது உடனே அணைத்துவிட வேண்டும். ஆறும்வரை மூடியைத் தொடவே கூடாது.

நேரத்தையும் மாற்றுங்கள். அந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் குளிர்ந்த நேரத்தில் ஏற வேண்டுமென்றால் காலை 6 மணிக்குப் பண்ணாரிச் சோதனைச்சாவடி திறந்ததும் முதல் வரிசையில் நிற்பதுதான் ஒரே வழி. திம்பத்தின் 27 வளைவுகளையும் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

தறிச்சத்தம்
நான் பல்லடம் பக்கத்தில் தறி ஓட்டுகிறவன். "வழக்கமான லோடு" என்று எழுதியிருக்கிறீர்கள், அது என்ன லோடு என்று யாரும் கேட்கவில்லையே?

கடைமடை
தென்னை நார்த் தூள்தான், பித். எங்கள் ஊரில் வேறென்ன லோடு இருக்கும்?

தறிச்சத்தம்
அண்ணா, அப்படியென்றால் ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன் முகப்பைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் நூல் வண்டிகளில் பஞ்சால் வருகிற அதே தொல்லை உங்களுக்குப் பித்தால் வந்திருக்கலாம். முன்னால் நின்று பார்த்தால் ஏ.சி. கண்டன்சர் சுத்தமாகவே தெரியும். அழுக்கு அதற்குப் பின்னால், கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இரண்டு விரல் இடைவெளியில் சேர்ந்திருக்கும். கண்டன்சரின் மேல் போல்ட்டுகளைக் கழற்றி, ஏ.சி. குழாயை அவிழ்க்காமலே அதை மெதுவாக முன்னால் சாய்த்து டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் போர்வை விரித்தது போலப் பஞ்சு ஒட்டியிருந்தது. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயிலிருந்து கசிகிற எண்ணெய் ஈரத்தோடு சேர்ந்தால் அது தானாக உதிராது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பித் தண்ணீரை இழுத்து ஊதிக்கொள்ளும் பொருள். முன்னாலிருந்து வாட்டர் சர்வீஸ் பைப்பை அடித்தால் அது நனைந்து உப்பி, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான துடுப்புகளுக்கு நடுவே இன்னும் இறுகிவிடும். வேகமான தண்ணீர் துடுப்புகளையும் மடக்கிவிடும். உலர்ந்த நிலையிலேயே, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக முதலில் காற்று அடியுங்கள். மென்மையான தூரிகையால் துடுப்புகள் நிற்கும் திசையிலேயே தட்டிவிட்டு, கடைசியில்தான் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட வேண்டும்.

ரிக்காரர்
இது முழுக்க உண்மை. பாறைத் தூசுக்காக எங்கள் கம்ப்ரசர் காற்றையே எடுத்து, வேலை முடிந்ததும் உள்ளிருந்து வெளியே ஊதிவிட்டுத்தான் படுக்கப் போவோம். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் பக்கத்துக் காற்றைத்தான் சுழற்றும், ரேடியேட்டர் வழியாக இழுக்காது.

சங்ககிரி மூத்தவர்
தூசு என்பது இரண்டாவது காரணம்; ஃபேன் கிளட்ச் என்பதே இன்னும் என் முதல் கணிப்பு. எதுவாக இருந்தாலும், வண்டியில் உள்ள முள்ளை நம்ப வேண்டாம். இன்றைய வண்டிகள் பலவற்றில் அது எண்பது டிகிரியிலிருந்து நூறைத் தாண்டும்வரை நடுவிலேயே அசையாமல் நின்று, பிறகு ஒரே தாவலில் சிவப்புக்குப் போகும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றைச் செருகிக் கைப்பேசியில் உண்மையான டிகிரியைப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்பான ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்: காலையில் குளிர்ந்த இன்ஜினை எழுப்பிய உடனேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அல்லது கூலன்ட் தொட்டியில் இடைவிடாமல் குமிழி வந்தால், மலை ஏறுவதையே தள்ளிவையுங்கள்.

தறிச்சத்தம்
கடைமடை அண்ணா, முகப்பைக் கழற்றினீர்களா? வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டதே.

கடைமடை
திருவிழா வேலையில் இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். கண்டன்சரைச் சாய்த்துப் பார்த்தபோது ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுவதும் பித் அடையாகப் படிந்திருந்தது. தறிச்சத்தம் சொன்னபடி உலர்வாகவே ஊதி எடுத்தோம். காலை 6 மணிக்குப் பண்ணாரியைத் தாண்டி, ஏ.சி. இல்லாமல் இரண்டாவது கியரில் ஏறினேன். ஸ்கேனரில் அதிகபட்சம் 101 டிகிரி காட்டியது. ஜெனரேட்டர் பத்திரமாக வந்து சேர்ந்தது. அனைவருக்கும் மிக்க நன்றி.

தறிச்சத்தம்
மிக்க மகிழ்ச்சி. லோடு இறக்குகிற நாளிலெல்லாம் ஒரு முறை ஊதிவிடுங்கள். திரும்பவும் அடை கட்ட நாளாகாது.

சங்ககிரி மூத்தவர்
101 என்பதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள், தம்பி. அது விடியற்காலைக் காற்றில் வந்த எண். அப்போது வெளியே 25 டிகிரி இருந்திருந்தால், கூலன்ட் காற்றைவிட 76 டிகிரி மேலே நின்றிருக்கிறது. தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்துவிட்ட பிறகு, அதே சுமையில் அந்த வேறுபாடு பெரிதாக மாறாது. மதியம் 38 டிகிரி வெயிலில் கூட்டிப் பார்த்தால் 114 வருகிறது. திருவிழா முடிந்து ஜெனரேட்டரோடு கீழே வருவது இறக்கம் என்பதால் கவலையில்லை. இரண்டாவது கியரிலேயே வந்து பிரேக்கைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த மலை லோடுக்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். வெப்பம் 95 டிகிரியைத் தாண்டியபோது ஃபேன் கிளட்ச் பிடித்து, முன்னாலிருந்து லாரி உறுமுவது போன்ற ஃபேன் இரைச்சல் கேட்டதா, கேட்கவில்லையா?