ரிச்சர்டைப் பாடகன் கண்டுபிடித்த கதை உண்மையா?

கேள்வி: இங்கிலாந்து மன்னர் சிங்க இதயன் ரிச்சர்ட் சிறைப்பட்டிருந்தபோது, பிளாண்டெல் என்ற பாடகன் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே போய் அவரைக் கண்டுபிடித்தான் என்கிறார்களே, ஆதாரம் உண்டா?

பதில் 1: கிடையாது. ரிச்சர்ட் 1199இல் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான் இந்தக் கதை எழுத்தில் வருகிறது. அவர் பிடிபட்டது 1192 டிசம்பரில், வியன்னா அருகே. வைத்திருந்தது ஆஸ்திரியாவின் டியூர்ன்ஸ்டைன் கோட்டையில். அதே மாதம் புனித ரோமப் பேரரசர் ஆறாம் ஹென்றி, ரிச்சர்ட் பிடிபட்டதைச் சொல்லி பிரெஞ்சு மன்னர் பிலிப்புக்குக் கடிதம் எழுதிவிட்டார். அதன் நகல் இங்கிலாந்துக்கும் போனது. பிறகு தேடுவதற்கு என்ன இருக்கிறது?

பதில் 2: கதையைவிட ரிச்சர்டை விடுவிக்கக் கேட்ட மீட்புப் பணம்தான் மலைக்க வைக்கிறது. 1,50,000 மார்க் வெள்ளி. ஒரு மார்க் 160 பென்னி. குடிமக்களின் வருமானத்திலும் அசையும் சொத்திலும் கால் பங்கு, சிஸ்டெர்சியர் என்ற கிறித்தவத் துறவிகளின் மடங்களின் ஓராண்டுக் கம்பளி, தேவாலயங்களின் பொன், வெள்ளிப் பாத்திரங்கள் என்று சுரண்டி எடுத்தார்கள். அப்படியும் முழுத்தொகை சேரவில்லை. 1194 பிப்ரவரியில் பாக்கிக்குப் பிணையாட்களைக் கொடுத்துத்தான் வெளியே வந்தார்.

பதில் 3: பணக்காரர்களிடம் கொள்ளையடித்ததாகச் சொல்லப்படும் ராபின் ஹூட்டின் கதையும் இப்படிப் பின்னாளில் ரிச்சர்டோடு சேர்ந்ததுதான். அவரை ரிச்சர்ட் காலத்தில் வைத்து எழுதியவர் ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் ஜான் மேஜர், 1521இல். ராபின் ஹூட் பற்றிய பழைய பாடல் ஒன்றில் வரும் அரசர் பெயர் எட்வர்ட்.