பொருள்: விமானத் தடம் காட்டும் தளங்களில் 'ஃபீடர்': 'வரத்தாளர்', 'வரத்துத் தரவு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். விமானங்கள் ரேடியோவில் அனுப்பும் செய்திகளை வீட்டு ரிசீவரில் பிடித்து, விமானத் தடம் காட்டும் தளங்களுக்கு அனுப்புகிறவரையும் (ஆங்கிலத்தில் 'ஃபீடர்'), அவர் அனுப்பும் தரவையும் தமிழில் எப்படிச் சொல்வது என்பது கேள்வி. இதுவரை வந்தவை 'தன்னார்வத் தரவு', 'திரள் தரவு', 'ஊட்டுத் தரவு'. மூன்று ஆண்டாக மதுரைத் திருநகரில் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து இதே வேலையைச் செய்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> தன்னார்வலர் தருவதுதானே, 'தன்னார்வத் தரவு' போதாதா?

போதாது அண்ணே. அந்தப் பெயரைப் படிக்கிறவர், எண்களை உண்டாக்கியதே தன்னார்வலர் என்று நினைத்துக்கொள்வார். நடப்பது வேறு. விமானமே தன் ஜிபிஎஸ் காட்டும் இடத்தையும் காற்றழுத்தத்தால் அளந்த உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டே பறக்கிறது. நொடிக்குச் சுமார் இரண்டு முறை இடத்தைச் சொல்லும். மறையாக்கம் கிடையாது, சொல்வது அந்த விமானம்தான் என்பதற்கு முத்திரையும் கிடையாது. டிவி பார்க்கச் செய்த ஒரு யூஎஸ்பி குச்சியும் 'ராஸ்பெரி பை' என்ற சின்னக் கணினியும் இருந்தால் யாரும் கேட்கலாம். நான் கேட்டதைக் கடத்துகிறேன், அவ்வளவுதான். ஆகவே பிழை மூன்று இடங்களில் நுழையலாம்: விமானம் தப்பாகச் சொல்வது, என் ரிசீவர் தப்பாகக் கடத்துவது, தளம் தப்பாக ஊகிப்பது. நாம் வைக்கும் சொல் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது. எனக்கு இதில் இருக்கும் ஒரே பிடிவாதம் இதுதான்.

விமானம் தப்பாகச் சொல்வது அபூர்வம் இல்லை. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 ஜிபிஎஸ் குறுக்கீட்டு நிகழ்வுகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. ஜிபிஎஸ் ஏமாற்றப்பட்ட விமானம் தப்பான இடத்தை முழு நம்பிக்கையோடு சொல்லும். கீழே நூறு பேர் கேட்டாலும் நூறு பேருக்கும் அதே தப்புதான் கேட்கும். 'திரள்' என்ற சொல் இங்கேதான் ஏமாற்றுகிறது. நிறையப் பேர் தந்ததால் சரியாக இருக்கும் என்ற வாசனை அதில் இருக்கிறது. இன்னொன்று, நள்ளிரவில் தெற்கே கடல்மேல் போகும் ஒரு விமானத்தை நான் ஒருவன் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. அங்கே திரள் ஏது?

என் பக்கம் நடந்த பிழையையும் சொல்கிறேன். வில்லாபுரத்திலிருந்து திருநகருக்கு வீடு மாறியபோது ஆன்டெனாவைக் கழற்றி மாட்டினேன், மென்பொருள் அமைப்பில் ரிசீவர் இருக்கும் இடத்தை மாற்றவில்லை. இடத்தைத் தானே சொல்லும் விமானங்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இடம் சொல்லாத பழைய விமானங்களை, ஒரே செய்தி குறைந்தது நான்கு ரிசீவர்களுக்கு வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்துத்தான் கணிக்கிறார்கள். ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போய்விடும். என் மாடி சில கிலோமீட்டர் தள்ளிப் பதிவாகியிருந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். நல்லவேளையாக, மற்ற ரிசீவர்களோடு என் நேரம் ஒத்துப்போகவில்லை என்று கண்டு சர்வரே என்னை விலக்கி வைத்திருந்தது. தரவு தருகிறவரை நம்பி மட்டும் யாரும் இதை நடத்துவதில்லை. ஒருவர் தந்ததை மற்றவர்கள் தந்ததோடு வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

மூன்றாவது, ஊகம். போன மாதம் தங்கை சென்னையிலிருந்து வந்தாள். தளத்தின் வரைபடத்தில், மேலூர் தாண்டி இறங்கும்போது கோடு நின்றுவிட்டது, அப்புறம் விமானப் படம் மட்டும் நேராக நகர்ந்து, மதுரை விமான நிலையம் பக்கத்துப் பெருங்குடியையும் தாண்டிப் போனது. அம்மா பதறிவிட்டார். பத்தாயிரம் மீட்டரில் பறப்பதை 400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் கேட்கலாம், தாழ இறங்கிவிட்டால் பக்கத்தில் ரிசீவர் வேண்டும், நடுவில் மலையும் கட்டடமும் இருக்கக் கூடாது. அன்று என் வீட்டில் மின்தடை. கேட்க ஆள் இல்லாத இடத்தைத் தளம் ஊகத்தால் நிரப்பியது.

இதே வகைக் குழப்பம் பெரிய துயரத்திலும் நடந்தது. 2025 ஜூன் 12 அகமதாபாத் ஏர் இந்தியா விமான விபத்துக்குப் பின், விமானம் ஓடுபாதையின் நடுவிலிருந்தே கிளம்பிவிட்டது என்ற பேச்சு பரவியது. வரைபடத்தில் தடம் அங்கிருந்து தொடங்கியதுதான் காரணம். பிறகு, விமானத் தடம் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளம் தனித்தனி ரிசீவர்களின் மூலத் தரவை அலசி, விமானம் ஓடுபாதையின் கோடிவரை போய்த் திரும்பி முழு நீளத்தையும் பயன்படுத்தியது என்று விளக்கியது. கடைசியாக வந்த 625 அடி என்பதையும் பலர் தரையிலிருந்து அளந்த உயரமாக எடுத்துக்கொண்டார்கள். அது காற்றழுத்த உயரம். அந்த விமான நிலையமே கடல்மட்டத்துக்குமேல் சுமார் 200 அடியில் இருக்கிறது. எந்த ரிசீவரும் பொய் சொல்லவில்லை. படித்தவர்களுக்கு, எது வந்த தரவு, எங்கே தரவே வரவில்லை என்று தெரியவில்லை.

இனி சொல்லுக்கு வருகிறேன். 'ஊட்டு' என்றால் எங்களுக்குக் குழந்தையும் சோறும்தான் நினைவுக்கு வரும். 'ஓடை' ஏற்கெனவே செய்தியோடையில் (நியூஸ் ஃபீட்) குடியேறிவிட்டது. எங்கள் பக்கம் இதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: வரத்து. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் தினமும் காதில் விழுவது "இன்னைக்கு மல்லி வரத்து கம்மி". வரத்துக்கால் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் அது தூர்ந்தால் கண்மாய் நிறையாது, வழியில் சாக்கடை கலந்தால் கண்மாயே கெடும். எங்கள் நிலையும் சரியாக இதுதான். ஆகவே அனுப்புகிறவர் வரத்தாளர், வருவது வரத்துத் தரவு, அதை எவ்வளவு நம்பலாம் என்பது வரத்து நம்பகம்.

> 'வரத்து' என்றால் விமான நிலையத்துக்கு வந்து சேரும் விமானங்கள் என்று படிக்க மாட்டார்களா?

நல்ல கேள்வி அக்கா, நானும் யோசித்தேன். விமான நிலையப் பலகையில் அதற்கு 'வருகை' என்று நிலைத்துவிட்டது. 'போக்குவரத்து' என்ற கூட்டுச்சொல்லைத் தவிர விமானத்தோடு 'வரத்து' தனியாக வந்து நான் பார்த்ததில்லை. 'தரவு' பக்கத்தில் இருக்கும்போது குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

இதோடு, திரையில் காட்டும் இடத்துக்கு மூன்று எளிய பெயர்களும் வேண்டும்: விமானமே அறிவித்தது 'சொன்ன இடம்', நேர வித்தியாசத்தால் கண்டது 'கணித்த இடம்', வரத்து நின்றபின் தளம் நீட்டியது 'ஊகித்த இடம்'. தங்கை வந்த அன்று அந்தப் படத்தின்மேல் 'ஊகித்த இடம்' என்று தமிழில் இருந்திருந்தால் அம்மாவுக்கு நான் எதையும் விளக்கியிருக்க வேண்டாம்.

மறுப்போ திருத்தமோ இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிறு இரவு விக்சனரியில் ஏற்றலாம் என்று இருக்கிறேன். 'வரத்தாளர்' உறுத்தினால் 'வரத்துக்காரர்' எனக்குச் சம்மதமே, சந்தையில் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்புடன்,
திருநகரிலிருந்து