மறு: 'சர்நேம்' – தமிழில் எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் விண்ணப்பப் படிவத்தில் 'சர்நேம்' (surname) என்ற கட்டத்துக்குக் 'குடும்பப் பெயர்' என்றே வைத்துவிடலாம் என்று நேற்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை, அதனால் அந்தக் கட்டத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். போன வாரம் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர், பேரனுடைய வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போட வந்தார். "ஐயா, குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்களை மேல்வீட்டுக்காரங்கன்னு சொல்லுவாங்க தம்பி, அதையா போடறது?" என்றார். அவர் சொன்ன பதில் சரி, நாம் கேட்ட சொல்தான் தப்பு. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது என்பதால் பையனுடைய அப்பா பெயரைப் போட்டு அனுப்பினேன். இத்தனைக்கும் பையனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பெயரன் என்பதுதானே பேரன் ஆனது? வம்சத்தின் பெயர் முதல் கட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டது, இரண்டாவது கட்டத்தில் எழுத அவர்களிடம் வேறு குடும்பப் பெயர் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் சாதிப் பட்டத்தைத் தேடிப்பிடித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் கைவிடச் சொன்னதை நம் மொழிபெயர்ப்பு திரும்பக் கேட்டு வாங்கக் கூடாது.

பின்பெயர், கடைசிப் பெயர் இரண்டும் உதவாது. சீனர்களுக்கும் ஹங்கேரியர்களுக்கும் அது முன்னால் வருகிறது, மாவோ சேதுங்கில் மாவோதான் குடும்பப் பெயர். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது: யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்தோத்திர், ஆக அண்ணனுக்கும் தங்கைக்குமே வேறு வேறு, அச்சிட்ட தொலைபேசிப் புத்தகம் வந்த காலத்தில் அதிலும் சொந்தப் பெயர் வரிசைதான். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த பர்மியர் ஊ தாண்ட் பெயரில் 'ஊ' மரியாதைச் சொல், மிச்சம் தாண்ட் மட்டுமே. துருக்கியில் 1934இல் சட்டம் போட்டுத்தான் எல்லோரையும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வைத்தார்கள், முஸ்தபா கமாலுக்கு அத்தாதுர்க் வந்ததும் அப்படித்தான். நம் பக்கம் ஊரே கூட வரும். 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் நமக்கு சேலம் விஜயராகவாச்சாரியார்தான்.

சரி, என் பரிந்துரை: சார்பெயர். பள்ளியில் முதலெழுத்து, சார்பெழுத்து என்று படித்திருக்கிறோம் அல்லவா, அந்தச் சார்புதான். அப்பா பெயரோ அம்மா பெயரோ, ஊரோ, கணவர் பெயரோ, ஐரோப்பியரின் குடும்பப் பெயரோ, எதுவானாலும் ஒருவர் தன் இயற்பெயரோடு சார்த்திக்கொள்கிற பெயர். முன்னால் வருமா பின்னால் வருமா என்ற பேச்சே இதில் இல்லை. சொந்தப் பெயர் எழுதும் இன்னொரு கட்டத்துக்கு 'இயற்பெயர்' இருக்கவே இருக்கிறது, தொல்காப்பியச் சொல்.

'சார்புப்பெயர்' என்று எழுத வேண்டாமா என்று கேட்பீர்கள். சார்ந்த, சார்கின்ற, சாரும் பெயர் என்று வினைத்தொகையாக எடுத்தால் ஒற்று மிகாது, சொல்லும் சுருங்கும். மொபைல் திரையில் கட்டம் சின்னது. அப்புறம், ரஷ்யர்கள் நடுவில் வைக்கும் இவானோவிச் மாதிரியானதற்குத் 'தந்தைவழிப் பெயர்' தனியாகவே இருக்கட்டும், இதோடு கலக்க வேண்டாம்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.