பஞ்சாயத்து அப்ரூவல் மனை வாங்கினவங்க வாங்க, உங்களுக்கு என்ன நடந்துச்சு?

குன்றத்தூரான்:
2011ல குன்றத்தூர் தாண்டி அரை கிரவுண்டு. பஞ்சாயத்து அப்ரூவல்தான், அப்ப எல்லாரும் வாங்கினதுதான். 2016ல பொண்ணு கல்யாணத்துக்காக விக்க அட்வான்ஸும் வாங்கிட்டேன். செப்டம்பர் 9, அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியக் கூடாதுன்னு ஹைகோர்ட் தடை. எங்க பதிவு அடுத்த வாரம். பத்திரம் எழுதறவர், "அதெல்லாம் நமக்கு வராது சார், வாங்க"ன்னார். பதிவு ஆபீஸ் உள்ளே இருந்த அம்மா லேஅவுட் நகலைப் பார்த்தாங்க, திருப்பிப் பின்பக்கம் பார்த்தாங்க, தலைகீழாவும் பிடிச்சுப் பார்த்தாங்க. "சிஎம்டிஏ நம்பர் எங்க சார்?" சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தோட அனுமதி நம்பரைக் கேக்கறாங்க. இருந்ததெல்லாம் பஞ்சாயத்து பிரசிடெண்டோட ஊதா சீல், அதுவும் பாதி அழிஞ்சு. வாங்க வந்தவர் படியிலேயே அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுட்டார். அது ஏற்கெனவே மண்டபத்துக்குப் போயாச்சு. மச்சான்கிட்ட கைமாத்து வாங்கிக் குடுத்தேன். அந்த ஊதா சீல் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

அடையாறுக்கரை:
நான் முடிச்சூர் பக்கம். 2015 டிசம்பர்ல என்ன ஆச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. தண்ணி வடிஞ்சப்புறம் ஒரு சர்வேயரைக் கூட்டிட்டு வந்தோம். பைக் சீட்டு மேல எஃப்எம்பியை, அதான் நிலத்தோட அளவு வரைபடத்தை, விரிச்சார். ரெண்டு கோடு எங்க மனைக்குள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளியே போகுது. வாய்க்கால். என் வீட்டுக்காரி குனிஞ்சு பார்த்துட்டு, "சிங்க் எங்கங்க வருது?"ன்னா. அவர் பேனாவை வெச்ச இடம் கோட்டுக்கு நடுவுல.

கணக்குப்பிள்ளை:
குன்றத்தூரான் சார், தப்பா நினைக்காதீங்க. "எல்லாரும் வாங்கினதுதான்"னு சொல்றதுதான் எனக்கு ஒப்பல. 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கு. மனைப்பிரிவுக்கு அனுமதி தர பிரசிடெண்டுக்கு அதிகாரமே கிடையாது. சென்னைப் பெருநகரப் பகுதிக்குள்ள சிஎம்டிஏ, வெளியில டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம். விலை ஏன் குறைச்சல்னு அன்னைக்கே கேட்டிருக்கணும். நானும் அப்படி வாங்கினவன்தான், அங்கீகாரம் இல்லாத மனையை முறைப்படுத்துற 2017 வரன்முறைத் திட்டத்துல பணம் கட்டி முடிச்சேன், அவ்வளவுதான் என் கதை. வாங்கப் போறவங்க கவனிங்க. ஏற்கெனவே மனையாப் பதிவானதை மறுபடி பதியலாம்னு அந்தத் தடையைப் பிறகு தளர்த்தினாங்க, சரி. ஆனா பத்திரம் வேற, பிளான் அப்ரூவல் வேற. வரன்முறை ஆகாத மனையில வீட்டுக்கு அனுமதி கிடைக்காது. அந்தத் திட்டமும் 2016 அக்டோபர் 20க்கு முந்தின மனைகளுக்குத்தான். ஈசியில, அதாவது வில்லங்கச் சான்றுல, வில்லங்கம் இல்லன்னு மட்டும் பார்த்துட்டு வராதீங்க, அது வாய்க்காலைச் சொல்லாது. கிராமத்து நில விவரம் இருக்கற அ-பதிவேடு, எஃப்எம்பி ரெண்டையும் எடுங்க. ரோடும் பார்க்கும் தானப் பத்திரமா உள்ளாட்சிக்குப் போயிருக்கான்னு கேளுங்க. பார்க்குன்னு பச்சை அடிச்சுக் காட்டின இடத்தைப் பின்னாடி மனையா வித்ததெல்லாம் பார்த்திருக்கேன். புரோக்கர் "நாளைக்கு வேற பார்ட்டி வருது"ன்னா, வரட்டும்னு விடுங்க.

குன்றத்தூரான்:
நான் வாங்கப் போறவன் இல்ல சார், விக்க முடியாம நின்னவன். வரன்முறைப் பணமும் கட்டியாச்சு, பொண்ணுக்கு ரெண்டு குழந்தையும் ஆச்சு. மனையில இப்ப சீமைக்கருவேலம். அடையாறுக்கரை, அந்த சிங்கை மாத்தினீங்களா?

அடையாறுக்கரை:
அதே இடம்தான். மேடை மட்டும் ஒரு அடி தூக்கியிருக்கோம்.