மில்ங்காவியா, மல்கையா? ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது?

கிளிநொச்சி ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடச் சஞ்சிகைக்கு ஒரு மாணவி நல்ல கட்டுரை தந்திருக்கிறாள். அவளுடைய மாமா ஸ்கொட்லாந்தில் 'வெஸ்ட் ஹைலண்ட் வே' என்ற நடைபாதை முழுவதையும் நடந்து முடித்த கதை. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீற்றர்.

தொடங்கும் ஊரின் பெயரை அவள் 'மில்ங்காவி' என்று எழுதியிருக்கிறாள். வரைபடத்தில் உள்ள ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசித்தால் அதுதான் வரும். ஆனால் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவர் தெளிவாக 'மல்கை' என்கிறார், அழுத்தம் கடைசியில். எழுத்தில் இருக்கிற என், வி இரண்டும் அவர் வாயில் இல்லவே இல்லை. போனமுறை போய்வந்த ஐலா தீவையும் சொல்கிறார். அதன் ஆங்கில எழுத்தில் நடுவில் ஒரு எஸ் நிற்கிறது.

சஞ்சிகைக் குழுவில் இரண்டு கட்சி. வரைபடத்தில் உள்ளபடி எழுதினால்தான் வாசிக்கிற பிள்ளை தேடிப் பார்க்கலாம் என்கிறார்கள் சிலர். ஊரார் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது என் பக்கம். அண்மையில் கொழும்பிலிருந்து பயிற்சி நடத்த வந்த ஒருவர், பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒட்டுசுட்டானை 'ஓடுசுடன்' என்று வாசித்தார். பின் வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "ஒட்டுசுட்டான், சேர்" என்று மரியாதையாகச் சொன்னாள். அவரும் உடனே திருத்திச் சொன்னார். அந்தப் பிள்ளைக்குத் தன் ஊர் எப்படியோ, ஸ்கொட்லாந்துக்காரருக்கும் அப்படித்தானே?

அந்த எழுத்துகளுக்கு ஏதாவது விதி உண்டா, இல்லை ஒவ்வொன்றாகப் பாடமாக்க வேண்டியதுதானா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கிளாஸ்கோ டாக்சிக்காரன்:

ரீச்சர், அந்த ஒட்டுசுட்டான்தான் என் ஊர். இப்போது கிளாஸ்கோவில் டாக்சி ஓட்டுகிறேன், ஊர்ப் பெயர்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மல்கையை விதிக்குள் அடக்க முடியாது, அப்படியே பாடமாக்குங்கள். அதே நடைபாதையில் இன்னும் இரண்டு ஊர் பாருங்கள். டிரிமன், டைன்ட்ரம். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டிலும் இருப்பது வை என்ற ஒரே எழுத்து. முதலாவதில் அது 'இ', மற்றதில் 'ஐ'. வெளியிலிருந்து வருகிறவர்கள் நேர்மாறாக 'டிரைமென்' என்றும் 'டின்ட்ரம்' என்றும் சொல்வார்கள்.

ஆனால் ஸ்கொட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கை அந்த மொழியின் எழுத்திலேயே எழுதினால் விதி நிறைய உண்டு. அதன் நெடுங்கணக்கில் மொத்தம் 18 எழுத்துதான், வி கிடையாது. 'வ்' ஒலி வேண்டுமென்றால் பி-யோடோ எம்-மோடோ எச் சேர்ப்பார்கள். அதற்கு உறவான ஐரிஷ் மொழியிலும் அப்படித்தான், அயர்லாந்தில் சி, ஓ, பி, எச் என்று எழுதிய துறைமுகத்தை 'கோவ்' என்று சொல்வது அதனால்தான். 1912இல் டைட்டானிக் கடைசியாக நின்று ஆட்களை ஏற்றிய துறை அது. அப்போது அதற்குக் குயின்ஸ்டவுன் என்று பெயர், 1849இலிருந்து 1920 வரைக்கும் அப்படித்தான்.

அப்புறம் சி எச். இங்கே உள்ள ஏரியை 'லொக் லோமண்ட்' என்று சொன்னால் வெளியாள் என்று உடனே தெரிந்துவிடும். நாங்கள் 'முகம்' என்னும்போது நடுவில் உள்ள க இறுகாமல் வழுக்கிக்கொண்டு வருகிறதே, அதை இன்னும் கொஞ்சம் தொண்டைக்குள் இழுத்து உரசினால் 'லொஹ்' சரியாக வரும். ஆங்கிலேயருக்குக் கஷ்டமான இந்த ஒலி எங்களுக்குச் சுலபம். கிரியன்லாரிஹ் என்ற ஊரின் கடைசியிலும் அதே ஒலிதான். அதை 'ச்' ஆக்கிவிடாதீர்கள்.

அழுத்தத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எங்கள் ஊர்களில் குளம், மடு, தீவு எல்லாம் பெயரின் கடைசியில் வரும். கேலிக்கில் ஆற்று முகமோ பள்ளத்தாக்கோ முதலில் வந்துவிடும், எந்த ஆறு, எந்தப் பள்ளத்தாக்கு என்பது பின்னால் வரும், அழுத்தமும் அங்கேதான் விழும். இன்வர்-நெஸ், கிளென்-கோ. எங்கள் பழக்கத்தில் 'இன்'னை ஓங்கிச் சொன்னால் அவர்கள் காதுக்கு வேறு ஊராகவே கேட்கும்.

இன்னொன்று, 'ஊரார்' என்றால் ஒரே வாய் இல்லை. இன்வர்னெஸ் என்று ஆங்கிலத்தில் சொல்கிறவரும் உள்ளூர்தான், கேலிக்கில் 'இன்யர் நிஷ்' என்கிறவரும் உள்ளூர்தான். டப்ளினுக்குத் தெற்கே உள்ள துறைமுகத்தை அங்கத்தைய சனம் 'டன் லீரி' என்று சொல்லும், ஐரிஷ் பேசுகிறவர் 'டூன் லேர' என்பார். எங்கள் முல்லைத்தீவு சிங்களத்தில் 'முலதிவ்' ஆவதும் இதே மாதிரித்தான். அவர்கள் பேச்சில் ல, ள வேறுபாடு இல்லாததால் கிளிநொச்சி 'கிலினொச்சி' ஆகிவிடும். அது கேலி செய்வதும் இல்லை, கவனக் குறைவும் இல்லை.

உங்கள் பக்கம்தான் சரி, ரீச்சர். மல்கை என்றே போடுங்கள்.

மாங்குளம் தபால்:

ரீச்சர், தம்பி, இரண்டு பேர் சொன்னதையும் வாசித்தேன். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஒட்டுசுட்டானுக்கு ஆங்கிலத்தில் இரண்டு டி போட்டும் கடிதம் வரும், இரண்டு ரி போட்டும் வரும். எல்லாம் போய்ச் சேர்ந்தன. கடிதம் பிரிக்கிறவன் எழுத்தை வாய்விட்டு வாசிப்பான், வாசித்ததும் ஊர் தெரிந்துவிடும். ட்ட என்ற ஒலிக்கு இரண்டு டி போடுவது எங்கள் பக்கத்து ஆங்கில வழக்கம், வட்டுக்கோட்டைக்கும் அப்படித்தான். அந்த வழக்கம் தெரியாதவர் 'ஓடு' என்று வாசித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நெடுங்கேணியைப் பாருங்கள், ஆங்கிலத்தில் கே-க்குப் பின்னால் ஒரு ஆர் நிற்கும், தமிழில் அது எங்கே இருக்கிறது? மாங்குளத்தில் கே மட்டும்தான், ஜி இல்லை, வெளியார் 'மன்குலம்' என்கிறார்கள். முறிகண்டியை 'முருகண்டி' என்று வாசித்துவிட்டு முருகன் கோவிலைத் தேடுகிறவர்களை நானே பிள்ளையாரிடம் கூட்டிப்போய்த் தேங்காய் உடைக்க வைத்து, கச்சானும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் வரைபடக் கட்சியையும் தள்ளிவிடாதீர்கள். ஆங்கில எழுத்து இல்லாமல் மல்கையைப் பிள்ளை எங்கே தேடுவாள்? முதல் தடவை வரும் இடத்தில் இரண்டையும் போடுங்கள், அதற்குப் பிறகு மல்கை மட்டும் போதும்.

கிளிநொச்சி ரீச்சர்:

ஐயா சொன்னபடியே செய்கிறோம். முதல் தடவை வரும் இடத்தில் ஆங்கில எழுத்தும் ஊரார் உச்சரிப்பும், அதற்குப் பிறகு உச்சரிப்பு மட்டும். குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தம்பி, இன்னும் ஒன்று. மாமா ஒரு கோட்டைக்கும் போயிருக்கிறார். எழுத்தில் நடுவில் ஸெட் வருகிறது, 'கல்ஸீன்' மாதிரி. அது எப்படி?

கிளாஸ்கோ டாக்சிக்காரன்:

'கலேன்', ரீச்சர். ஸெட்டை விட்டுவிடுங்கள். பழைய ஸ்கொட்லாந்து எழுத்தில் 'ய'கரத்துக்குக் கிட்டிய ஒலிக்கு 'யோஹ்' என்று தனி எழுத்து இருந்தது. அச்சுக்காரரிடம் அந்த அச்சு இல்லை, உருவம் ஒத்திருந்ததால் ஸெட்டை வைத்து அடித்தார்கள். மென்ஸீஸ் என்று எழுதிய குடும்பப் பெயரை இங்கே பழைய ஆட்கள் 'மிங்கிஸ்' என்று சொல்வதும் அதனால்தான்.