‘ஊக்கி’ என்ற வேரே போதும்: பெர்சிலியஸ் வைத்த பெயரை முன்னிட்டு

வணக்கம். தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை விரைவாக்கும் பொருளை ஆங்கிலத்தில் ‘கேட்டலிஸ்ட்’ என்பார்கள்; அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்பதே நம் விவாதம். ‘வினைவேகமாற்றி’ பாடநூல்களில் நெடுங்காலமாக வழங்கிவருவதால் அதை விட்டு ‘ஊக்கி’க்கு வரத் தேவையில்லை என்றும், பொருளை முழுமையாகச் சொல்லும் சொல்லே நல்ல கலைச்சொல் என்றும் இவ்விவாதத்தில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். முதற்கூற்றில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. இரண்டாவதைத்தான் ஏற்க இயலவில்லை. இந்நிகழ்வுக்கு ‘கேட்டலிசிஸ்’ என்ற பெயரை வேதியியலுக்குள் கொண்டுவந்த சுவீடிய வேதியியலர் யோன்ஸ் யாக்கோப் பெர்சிலியஸ் அதை எந்தச் சூழலில், என்ன நோக்கத்தோடு வைத்தார் என்று பார்த்தால் என் தயக்கத்தின் காரணம் விளங்கும்.

பெர்சிலியஸ் 1779 ஆகஸ்ட் 20 அன்று சுவீடனில் வாவர்சுண்டா என்ற சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையையும் பின்னர் தாயையும் இழந்து, மாற்றாந்தந்தை வீட்டிலும் உறவினர் வீட்டிலுமாக வளர்ந்தார். உப்சாலாவில் படித்தது மருத்துவம். 1802இல் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளே, அப்போது புதிதாக வந்திருந்த வோல்டாவின் மின்னடுக்கு (முதல் மின்கலம்) நோயாளிகளிடம் என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதுதான். அடுத்த ஆண்டே, சுரங்க உரிமையாளர் ஹிசிங்கருடன் சேர்ந்து சீரியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்தார். 1807இல் ஸ்டாக்ஹோமில் மருத்துவம், மருந்தியல் பேராசிரியரானார். செலீனியம் 1817இலும் தோரியம் 1828இலும் அவர் கையில் அகப்பட்டன. அவருடைய பேருழைப்போ அணுநிறைகளைத் துல்லியமாக அளப்பதில் கழிந்தது; அதற்காக ஏறக்குறைய 2000 சேர்மங்களைப் பகுத்தாய்ந்தார் என்பார்கள். தனிமங்களை எழுத்துக்களால் குறிக்கும் இன்றைய முறையும் 1813-14இல் அவர் வகுத்ததே.

இவ்வளவும் நடந்த ஆய்வகம் எப்படி இருந்தது என்பதை, 1823இல் அவரிடம் பயில வந்த ஜெர்மானிய வேதியியலர் வோலர் பின்னாளில் எழுதியிருக்கிறார். சாதாரண வீட்டு அறைகள் இரண்டு. உலைகளோ புகைக்கூண்டோ தண்ணீர்க் குழாயோ கிடையாது. பக்கத்து அறையான சமையற்கட்டில் அன்னா என்ற பணிப்பெண் சமைத்துக்கொண்டிருப்பார். ஆய்வுக்கலங்களைச் சூடாக்கும் மணற்சட்டி காய்வதும் அங்கேதான். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அன்னா, ஆக்சிஜனேறிய மியூரியாட்டிக் அமிலத்தின் நெடி வருகிறது என்றாராம். அதற்கு பெர்சிலியஸ், இனி அப்படிச் சொல்லாதே அன்னா, குளோரின் என்று சொல், அதுதான் நல்லது என்று திருத்தினாராம்.

வேடிக்கையாகச் சொல்லப்படும் இந்தச் செய்தி நம் விவாதத்துக்கு நேரான சான்று. அமிலம் என்றாலே அதில் ஆக்சிஜன் இருக்கவேண்டும் என்ற பிரெஞ்சு வேதியியலர் லவாசியேயின் கொள்கையை அந்தப் பழைய பெயர் தன் வயிற்றிலேயே வைத்திருந்தது. அந்த வளி ஒரு தனிமமே என்று ஆங்கிலேய வேதியியலர் டேவி 1810இல் அறிவித்த பிறகும் பெர்சிலியஸ் சுமார் பத்தாண்டுகள் இணங்கவில்லை. கடைசியில் கொள்கை வீழ்ந்தபோது பெயரும் சேர்ந்து வீழ்ந்தது. நிலைத்தது, வெளிர்பச்சை நிறத்தை மட்டும் சுட்டுகிற டேவியின் பெயர்.

இந்தப் பட்டறிவுக்குப் பின் வந்ததுதான் ‘கேட்டலிசிஸ்’. சுவீடிய அறிவியற் கழகத்தின் செயலர் என்ற முறையில் 1821 முதல் ஆண்டுதோறும் உலக வேதியியலின் வளர்ச்சியைத் தொகுத்து அறிக்கை அளிப்பது அவர் பொறுப்பு. ஐசோமர், பாலிமர், அலோட்ரோபி ஆகிய பெயர்கள் அந்த அறிக்கைகளின் வழியே பரவின. புரதத்துக்கு ‘புரோட்டீன்’ என்ற பெயரை 1838இல் முல்டருக்கு எழுதிய மடலில் தந்தார். 1835ஆம் ஆண்டறிக்கைக்கு அவர்முன் கிடந்தவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவைபோல் தோன்றிய செய்திகள்: கிர்ச்சாஃப் மாவுச்சத்தை அமிலத்தால் சர்க்கரையாக்கியது, தெனார் கண்ட ஐதரசன் பெராக்சைடு உலோகங்கள் பட்டதும் சிதைவது, டோபரைனரின் பிளாட்டினப் பஞ்சின்மேல் ஐதரசன் தானே தீப்பற்றியது, முளைகட்டிய தானியத்திலிருந்து பயேனும் பெர்சோவும் பிரித்தெடுத்த, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் டயஸ்டேஸ். இவற்றை ஒரே வகையாகக் கண்டதுதான் பெர்சிலியஸின் பங்கு. காரணம் தெரியும்வரை இந்த நிகழ்வுகளுக்குத் தனிப்பெயர் இருந்தால் ஆய்வு எளிதாகும் என்பதே அவர் சொன்ன நியாயம். அதனால் ‘அனாலிசிஸ்’ (பகுப்பாய்வு) என்ற பழக்கமான சொல்லுக்கு இணையாக ஒன்றை அமைத்தார். சில பொருள்கள் தம் சொந்த நாட்டத்தால் (பிற பொருளோடு சேரும் இயல்பால்) அன்றி வெறுமனே அருகிருப்பதாலேயே, அந்த வெப்பநிலையில் உறங்கிக்கிடக்கும் நாட்டங்களை எழுப்பிவிடுகின்றன என்பது அவர் தந்த விளக்கம்.

இப்படி எழுப்பிவிடும் ஒரு ‘விசை’ உண்டு என்ற அவர் கருத்தை ஜெர்மானிய வேதியியலர் லீபிக் கடுமையாகத் தாக்கினார். பிறகு அந்தக் கருத்து மறைந்தும்போனது. வினையின் வேகத்தை மாற்றுவது என்று வேதியியலர் ஆஸ்ட்வால்ட் 1890களில் புதிதாக வரையறுத்தார். பெயர்மட்டும் அப்படியே நின்றது. ஏனென்றால் அது வரையறையைச் சுமக்கவில்லை.

நம் ‘வினைவேகமாற்றி’ செய்திருப்பது இதற்கு நேர்மாறு. அது ஆஸ்ட்வால்டின் வரையறையைச் சொல்லாக்கிவிட்டது. ‘மாற்றி’ என்பதில் கூட்டுவதும் குறைப்பதும் அடங்குவது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைய பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் வரையறை, வேகத்தைக் கூட்டுவதை மட்டுமே இப்பெயரால் அழைக்கவேண்டும் என்றும், குறைப்பதைத் தடுப்பான் என்று தனியே சொல்லவேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே முழுமையானது என்று ஐயா பாராட்டிய சொல் இன்று வேண்டியதைவிட அகலமாகிவிட்டது. ‘ஊக்கி’யோ உறங்குவதை எழுப்புவது என்ற முதல் விளக்கத்துக்கும் ஒத்துவருகிறது, இன்றைய வரையறைக்கும் முரண்படவில்லை. இலங்கைப் பாடநூல்களில் இச்சொல்லே வழங்குவதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

‘வினையூக்கி’ என்று நடுவழியில் நிற்கலாமே என்று இவ்விவாதத்தில் அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார்கள். தனிச்சொல்லாக அது நல்ல சொல்தான். கட்டுரையில் முதன்முறை வருமிடத்தில் அப்படியே எழுதலாம். கூட்டுச்சொல் ஆக்கும்போதுதான் சிக்கல். ஒரு வினையின் விளைபொருளே அவ்வினையை ஊக்குவதைத் ‘தன்வினையூக்கம்’ என்று எழுதினால், தன்வினை பிறவினை படித்த எந்த மாணவரும் இலக்கணத்தைத்தான் நினைப்பார். வேகத்தைக் குறைப்பதை ‘எதிர்வினையூக்கி’ என்றால் எதிர்வினையை ஊக்குவது என்றே படிக்கத் தோன்றும். வேரை ‘ஊக்கு’ என்று வைத்துக்கொண்டால் தன்னூக்கம், ஒளியூக்கம், அமிலவூக்கம் என்று தடையின்றி வளர்கிறது. வாகனப் புகைக்குழாயில் பொருத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ‘வினைவேகமாற்றி மாற்றி’ என்று எழுதிப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. ‘ஊக்கமாற்றி’ என்றால் முடிந்தது.

ஊக்கமருந்து, ஊக்கத்தொகை ஆகியவற்றோடு குழம்பாதா என்ற கேள்விக்கு என் விடை: அவற்றில் ‘ஊக்கம்’ முன்னே நிற்கிறது, நம் தொடர்களில் பெரும்பாலும் பின்னே நிற்கிறது, துறையும் வேறு. தனித்து நிற்கும் ‘ஊக்கம்’ பொதுக் கட்டுரைகளில் ஐயம் தரக்கூடும் என்பது உண்மைதான். அங்கே ‘வினையூக்கம்’ என்றே எழுதிக்கொள்ளலாம்.

எஞ்சி நிற்பது ஒரே இணைதான். ஊக்கியும் வினைபடுபொருள்களும் ஒரே நிலைமையில் (திண்மம், நீர்மம், வளி போன்றவற்றுள் ஒன்றில்) இருப்பதை ‘ஒருபடித்தான’ என்றும், வேறு நிலைமைகளில் இருப்பதைப் ‘பலபடித்தான’ என்றும் நூல்கள் எழுதுகின்றன. பாலிமரையோ ‘பலபடி’ என்கிறோம். தொடர்பற்ற இரண்டு கருத்துகள் தமிழில் இப்படி ஒன்றோடொன்று மோதுவதால், ‘பலபடி ஊக்கி’ என்று எழுதினால் பாலிமரால் ஆன ஊக்கியா, வேறு நிலைமையில் உள்ள ஊக்கியா என்று சொல்லமுடியாது. இரண்டுமே நடைமுறையில் உள்ளவை. ‘நிலைமை’ என்ற சொல் ஏற்கெனவே பாடநூல்களில் இருப்பதால், ஒருநிலைமை ஊக்கம், பலநிலைமை ஊக்கம் என்று முன்மொழிகிறேன். இலங்கையில் இதே கருத்துக்கு ‘அவத்தை’ வழங்குவதால், அங்குள்ள நண்பர்கள் ‘நிலைமை’யை ஏற்பார்களா என்பதை அவர்களே சொல்லவேண்டும்.