காவேரிப்பாக்கம் ஏரியில 400 மிமீ படம் எல்லாம் மங்கல்: லென்ஸ் மாத்தணுமா?

ஆற்காட்டு உள்ளான்

அண்ணன்களுக்கு வணக்கம். கேனான் ஆர்7 கேமரா, ஆர்எஃப் 100-400 லென்ஸ் வச்சிருக்கேன். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில இருந்து கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், மடையான் எடுக்கிறேன். பெரும்பாலும் காலை 9 மணிக்கு மேல 11 வரைக்கும். கேமரா பறவைக் கண்ணுல கட்டம் போட்டுப் பிடிச்சுக்குது, ஷட்டர் 1/2000. ஆனா பெரிசு பண்ணிப் பார்த்தா இறகு விவரம் இல்ல. பறக்கிற மீன்கொத்திக்கு இறக்கை கோணலா வளைஞ்சு வருது. ஏலகிரி மேல இருந்து எடுத்த மலை அடுக்கும் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. 200-800 லென்ஸ் வாங்கலாமா, இல்ல 1.4 எக்ஸ்டெண்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டி 1.4 மடங்கு பெரிசாக்கிறது) போதுமா?

பாலாற்றங்கரை

தம்பி, லென்ஸ் மேல பழி போடறதுக்கு முன்னாடி காத்தைப் பாருங்க. நீங்க சொல்ற அந்த 9-11 தான் வில்லங்கம். வெயில் ஏறச்சொல்ல கரைக்கல்லும் காஞ்ச சேறும் தண்ணியை விட வேகமா சூடாகும். அதை ஒட்டின காத்து சூடாகி மேல எழும்பி, மேல இருக்கிற குளிர்ந்த காத்தோட கலக்கும். ரெண்டுலயும் ஒளி வளையுற அளவு வேற. அதனால பறவையில இருந்து வர்ற ஒளி வழியெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சுதான் உங்க லென்ஸுக்கு வருது. கானல்தான். வெறுங்கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, 400ல பல்லைக் காட்டும். ஷட்டரை 1/4000 வச்சாலும் போகாது. 200-800 போட்டா பறவையோட சேர்ந்து கானலும் பெரிசாகும், அவ்வளவுதான்.

உறுதி பண்ண, ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கிற பறவையைத் தொடர்ச்சியா 15 படம் எடுத்து 100 சதவீதத்துல அடுத்தடுத்துப் பாருங்க. படத்துக்குப் படம் மங்கல் இடம் மாறினா, நாணல் தண்டு மாதிரி நேரா இருக்கவேண்டியது நெளிஞ்சா, அது கானல். 15லயும் பறவை ஒரே அளவு மங்கலா இருந்து, அதுக்கு முன்னாலயோ பின்னாலயோ புல் கூர்மையா இருந்தா ஃபோகஸ் தப்பு. எல்லாம் ஒரே திசையில இழுத்த மாதிரி இருந்தா கை ஆட்டம்.

லென்ஸையும் தனியா சோதிச்சுடுங்க. டெய்லி காலண்டர் தாள் ஒண்ணைச் சுவத்துல ஒட்டி, 10 மீட்டர் தள்ளி, ட்ரைபாட்ல, வெயில் படாத இடத்துல, 400 மிமீ, எஃப்8, ஸ்டெபிலைசர் ஆஃப், 2 நொடி டைமர். பொடி எழுத்து தெளிவா வந்தா லென்ஸ்ல குறை இல்ல. முன்னால யூவி ஃபில்டர் மாட்டியிருந்தா கழட்டிட்டு இன்னொரு முறை எடுங்க. மட்டமான ஃபில்டர் வைட் லென்ஸ்ல மன்னிக்கும், டெலியில மன்னிக்காது.

அடுத்தது தூரம். ஆர்7ல 400 மிமீ வச்சா 60 மீட்டர்ல சட்டம் சுமார் 3.3 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். மடையான் 45 செ.மீ. இருக்கும், படத்தோட 6960 பிக்சல்ல அதுக்குக் கிடைக்கிறது ஏறக்குறைய 940. அதே மடையான் 20 மீட்டர்ல நின்னா 2800. இறகு விவரம் வேணும்னா பணம் இல்ல, அந்த 40 மீட்டர்தான் குறையணும். தூரம் குறைஞ்சா நடுவுல இருக்கிற கெட்ட காத்தும் குறையும். விடியச்சொல்ல போய் ஒரே இடத்துல அசையாம உட்காருங்க. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அரை மணி நேரத்துல மடையான் தானா கிட்ட வரும். மடையானை விட நாம அவசரப்படக் கூடாது.

குடியாத்தம் பனங்காடை

இறக்கை வளையுறதுக்கு மட்டும் சொல்றேன். எலக்ட்ரானிக் ஷட்டர்ல வச்சிருப்பீங்க. ஆர்7 சென்சார் ஸ்டாக்டு (படத்தை வேகமா படிச்சு முடிக்கிற) வகை இல்ல. மேல இருந்து கீழ வரிவரியா படிச்சு முடிக்க ஒரு நொடியில கிட்டத்தட்ட முப்பதுல ஒரு பங்கு எடுத்துக்கும். 1/2000ங்கிறது ஒவ்வொரு வரிக்கும்தான். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவுல மீன்கொத்தி இறக்கை வேற இடத்துக்குப் போயிடும். பறக்கிறதுக்கு மெக்கானிக்கல் ஷட்டர் வைங்க, நொடிக்கு 15 படம், தாராளம். எலக்ட்ரானிக்கை சும்மா உட்கார்ந்திருக்கிற பறவைக்கு வச்சுக்குங்க, சத்தம் வராது.

மத்த அமைப்பு: மேனுவல் மோடு, எஃப்8, ஆட்டோ ஐஎஸ்ஓ, உச்சவரம்பு 6400. கொக்கு, நாரை பறக்க 1/1600 போதும். பஞ்சுருட்டானும் மீன்கொத்தி பாய்ச்சலும் 1/3200க்குக் கீழ வேண்டாம். உட்கார்ந்திருந்தா 1/500. வெயில்ல வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷர் கம்பென்சேஷன் (கேமரா கணிக்கிற வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது) -2/3ல இருந்து -1. வெள்ளை வெந்துட்டா ரா ஃபைல்லயும் (சென்சார் தர்ற பதப்படுத்தாத ஃபைல்) திரும்ப வராது. வெளிறின வானத்துல பறக்கிற செம்பருந்துக்கு நேர்மாறா +1. ஃபைலை சி-ரா (சுருக்கின ரா) வைங்க. முழு ரா வச்சா பஃபர் (கார்டுக்குப் போறதுக்கு முன்னாடி படம் தங்குற நினைவகம்) சீக்கிரம் நிரம்பி, பாயுற நேரத்துல கேமரா நின்னுடும்.

நாணலுக்குள்ள பறவை இருக்கும்போது கண் கண்டுபிடிப்பை நம்பாதீங்க, முன்னால இருக்கிற தண்டைப் பிடிச்சுக்கும். பின்பக்கம் ரெண்டு பொத்தான் இருக்கே, ஏஎஃப்-ஆன்ல கண் கண்டுபிடிப்பு, நட்சத்திரப் பொத்தான்ல ஒரே புள்ளியில ஃபோகஸ் பண்ற ஸ்பாட் ஏஎஃப்னு பிரிச்சு வச்சா கட்டைவிரலை நகர்த்தினா போதும்.

ஆற்காட்டு உள்ளான்

ரொம்ப நன்றி அண்ணா. எலக்ட்ரானிக் ஷட்டர்தான் வச்சிருந்தேன். இன்னொண்ணு, கார்ல ஏசி போட்டுக்கிட்டுக் கண்ணாடியை இறக்கி எடுத்தா பறவை பறக்கலை, ஆனா படம் இன்னும் மோசமா இருக்கே?

பாலாற்றங்கரை

அது கானலை நீங்களே தயார் பண்றது. உள்ள 24 டிகிரி, வெளிய 38. ஜன்னல்லயே ரெண்டு காத்தும் கலக்குது, லென்ஸ் அதுக்கு நடுவுல நிக்குது. போய்ச் சேர்றதுக்கு 20 நிமிஷம் முன்னாடியே ஏசியை அணைச்சு எல்லாக் கண்ணாடியையும் இறக்கிடுங்க. இன்ஜினையும் நிறுத்திடுங்க, பானெட் மேல குறுக்கால எடுக்காதீங்க. ஏசியில இருந்த லென்ஸைச் சட்டுனு வெளிய எடுத்தா கண்ணாடியில பனி வேற படியும். பைக்குள்ள வச்சே வெளிச் சூட்டுக்கு வரவிடுங்க.

வாலாஜா நீர்க்காகம்

மேல சொன்னதுல ஒரு திருத்தம். விடியக்காலை போனா கானலே இருக்காதுன்னு நினைச்சுடாதீங்க. மார்கழி, தை மாசத்துல காத்து குளிர்ந்து ஏரித் தண்ணி வெதுவெதுப்பா இருக்கும்போது தண்ணிமட்டத்துல இதே நெளிவு வரும். எல்லாரும் சொல்ற மாதிரி கரையோரம் படுத்துத் தாழ்வா எடுத்தா, நீங்க பார்க்கிறது முழுக்க அந்த மோசமான அடுக்கு வழியாத்தான். கிட்ட இருக்கிற பறவைக்குப் படுங்க. 40 மீட்டர் தாண்டினா எழுந்து கரை மேல நில்லுங்க. பின்னணி கொஞ்சம் அசிங்கமா வரும், பரவாயில்ல.

எக்ஸ்டெண்டர் வேண்டாம். 560 மிமீ கிடைக்கும், ஆனா எஃப்11 ஆயிடும். ஆர்7 மாதிரி நெருக்கமான பிக்சல்ல எஃப்11க்கு டிஃப்ராக்‌ஷன் (சின்னத் துளையில ஒளி பரவி வர்ற மங்கல்) கண்ணுக்கே தெரியும், ஐஎஸ்ஓவும் ரெட்டிப்பாகும். 200-800 நல்ல லென்ஸ்தான். ஆனா உங்க 635 கிராம் எங்க, அதோட 2 கிலோ சொச்சம் எங்க? கையில பிடிச்சு அரை மணி நேரம் கரையில நடந்து பார்த்துட்டு முடிவெடுங்க.

ஜவ்வாது அடிவாரம்

மலைக்கு வருவோம். சாம்பல் பூத்த மாதிரி வர்றது கானல் இல்ல, தூசியும் ஈரமும் ஒளியைச் சிதறடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்ச மறுநாள் போங்க, மழை காத்தைக் கழுவியிருக்கும். ஜவ்வாது மேல சமவெளியை விடத் தெளிவு, காவலூர்ல வானாய்வகம் சும்மாவா வச்சாங்க? போலரைசர் ஃபில்டர் (சிதறி வர்ற ஒளியை வடிகட்டுறது) சூரியனுக்குச் செங்குத்தான திசையில மட்டும்தான் உதவும்.

மூடாப்பு போகவே போகாதுன்னா அதையே படமாக்குங்க. சூரியன் எதிர்ப்பக்கம் தாழ்வா இருக்கும்போது 150-250 மிமீ வச்சா ஒவ்வொரு மலை முகடும் தனித்தனி நிறத்துல பிரியும். ட்ரைபாட் நடுத்தண்டை ஏத்தாதீங்க, காத்துல ஹூட் பாய்மரம் மாதிரி இழுக்கும், கழட்டிடுங்க. எஃப்8, ஐஎஸ்ஓ 100, எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (ஷட்டர் திறக்கிற அதிர்வு இல்லாத முறை). அகலம் வேணும்னா கேமராவைச் செங்குத்தா திருப்பி 6, 7 படம், மூணுல ஒரு பங்கு ஒண்ணு மேல ஒண்ணு வரணும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூணையும் பூட்டிடுங்க. கம்ப்யூட்டர்ல எடிட் பண்ணச்சொல்ல டீஹேஸ் (மூடாப்பைக் குறைக்கிற ஸ்லைடர்) 20க்கு மேல இழுத்தா முகட்டைச் சுத்தி வெள்ளைக் கோடு விழும்.

இடம் தேடி காப்புக்காட்டுக்குள்ள இறங்கிடாதீங்க, வனத்துறை அனுமதி வேணும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திர எல்லையில இருக்கிற கௌண்டின்யா காட்டுல இருந்து யானை இறங்கும். அங்க இருட்டுல ட்ரைபாடைத் தூக்கிக்கிட்டு நடக்கவே வேண்டாம், தார்ரோட்டுல வண்டிக்குப் பக்கத்துலயே நில்லுங்க.